பனிக்கு இரண்டு டயர் போதும்

என் கல்யாணத்தன்று மும்பை மாட்டுங்காவில் மண்டப வாசலில் மாப்பிள்ளை கார் வந்து நின்றபோது, எல்லாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். மாடி ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்துக்குள் விட்டு ஆழம் பார்த்தார். எழுந்து பின் சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் அதே சோதனை. பந்தி முடிந்து நான் கிளம்புகிற நேரத்தில் என்னிடம் வந்து, "மாப்பிள்ளை பரவால்லட்டி. டயருதான் மொட்டை. போற வழியில மெதுவாப் போகச் சொல்லு" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அழுகையும் சிரிப்புமாக நான் புகுந்த வீட்டுக்குப் போனதற்கு அத்தான்தான் காரணம்.

என் அக்காவின் கணவர் அவர். தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அவருடைய வீடு. கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஓட்டினார். கொழுந்தியாள் என்கிற உரிமையில் நான் அவரைக் கேலி செய்யாத நாளே கிடையாது. "அக்காவைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவ காலைத்தான மொதல்ல பாத்திய?" என்று கேட்பேன். "பின்ன? காலு நல்லா இருந்தாத்தான வண்டி ஓடும்" என்பார். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியைக் காட்டுவாள். அந்தச் சின்ன வீட்டில் அவர் இருக்கும்போது யாரும் சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. ரேடியோ பாடும், அவர் கூடப் பாடுவார், சுருதி சேராது, நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். இப்போது யோசித்தால் அந்தச் சத்தத்துக்காகவே ஏங்குகிறேன்.

டயர் விஷயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை, அவருடைய டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேருக்கும் அதே முறைதான். மழை தொடங்குவதற்கு முன்னால் தாராவியில் டயர் கடைக்குப் போய் ஒரு ஜோடி புது டயர் வாங்குவார்கள். அதை முன்னால் மாட்டிவிட்டு, முன்னால் ஓடிய பழைய ஜோடியைப் பின்னால் தள்ளுவார்கள். பின்னால் தேய்ந்து போனது கடைக்கே போய்விடும். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே சுற்று. நான்கையும் ஒரே நேரத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். "நாலையும் ஒண்ணா வாங்குறவன் ஒண்ணு சேட்டு, இல்ல கிறுக்கன்" என்று அத்தான் சொல்வார். புதுசை ஏன் முன்னால் மாட்ட வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். ஸ்டீயரிங் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உயிர் இருக்கிறது என்றார். தாதருக்கும் சயானுக்கும் நடுவே முழங்கால் தண்ணீரில் எல்லாம் வண்டியை நீச்சலடிக்க வைத்தவர் சொல்கிறார், நான் ஏன் மறுத்துப் பேசப்போகிறேன்? எத்தனையோ மழைக்காலம் அந்த முறையில்தான் அவர் ஓட்டினார். ஒரு கீறல் விழவில்லை. அதனால் அது தவறாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். நர்ஸ் படிப்பு படித்தாள். வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அம்பர்நாத்திலிருந்து வரும் ஒரு மராட்டிப் பையனோடு பழகி, வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு இருவருமாகக் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பையன் மராட்டி என்பதில் அத்தானுக்குப் பெரிய வருத்தம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளிகளில் பாதிப் பேர் மராட்டிக்காரர்கள். தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அவரை அறுத்தது. "ஊருக்கெல்லாம் வழி காட்டுனேன், எம் மவ எங்கிட்ட வழி கேக்கல" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கப்புறம் அவள் பேரையே எடுக்கவில்லை. அக்கா கொல்லைப்புறக் குழாயடியில் நின்று மகளோடு குசுகுசுவென்று பேசுவாள். உள்ளே ரேடியோவும் பாடவில்லை, அத்தானும் பாடவில்லை. அந்த வீட்டுக்குப் போய்வரவே எனக்குக் கால் எழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செம்பூரில் குடியிருந்த நான் புதுக் கார் வாங்கியிருந்தேன். அத்தான் டாக்ஸியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். மழை நாளில் அவரை உட்கார வைத்து ஒரு சுற்று அழைத்துப்போனேன். மேம்பாலத்து ஏற்றத்தில், எண்ணெயும் தண்ணீருமாகக் கிடந்த இடத்தில் நான் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், சக்கரம் ஒரு நொடி வழுக்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுக் மினுக் என்று எரிந்தது, வண்டி தானே அடங்கி நேராக ஏறியது. "என்னட்டி அது?" என்றார். "டிராக்ஷன் கண்ட்ரோல் அத்தான். சக்கரம் சும்மா சுத்துனா அதுவே புடிச்சு நிறுத்திரும்" என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்த விளக்கை மறுபடி எரிய வைக்கச் சொல்லி அவர் என்னைப் பாலத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வைத்தார். நெடுநாள் கழித்து அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

கனடாவில் அக்கா மகளுக்கு அது முதல் பனிக்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். எனக்கு போன் செய்தாள். "சித்தி, இங்க பரஃப் விழ ஆரம்பிச்சாச்சு. பனிக்குன்னே உள்ள வின்டர் டயர் மாட்டணும். கடைக்காரன் நாலும் மாத்தணும்ங்கான். இவரும் நாலுங்காரு. நீங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்." கடைக்காரரும் புருஷனும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு, பனியைக் கண்ணால் கூடப் பார்க்காத ஒரு தாராவி டாக்ஸிக்காரரிடம் எதற்கு யோசனை? கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் டயருக்காகக் கேட்கவில்லை. வேறு எதைக் கேட்டாலும் அப்பா வாயைத் திறக்க மாட்டார், டயரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லேபர் கேம்ப்புக்குப் போனேன். "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, கனடாவுல இருக்கா. பனிக்கு நாலு டயரும் மாத்தணும்னு சொல்லுதாங்களாம்" என்று ஆரம்பித்தேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அக்கா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன வண்டி?" என்றார். சொன்னேன். "உன் வண்டியில இருக்கே, அந்த வெளக்கு, அது இருக்கா?" இருக்கிறது என்றேன். "அப்பம் என்ன? ரெண்டு போதும். முன்னாடி மாட்டச் சொல்லு. மிச்சத்த அந்தக் கண்ட்ரோல் பாத்துக்கும்" என்றார். சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு பத்திரமா ஓட்டுமா?" என்று கேட்டார். அக்கா மறுபடி காய் நறுக்கினாள். விரலை நறுக்கிக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா மகள் இரண்டே இரண்டு டயர் வாங்கி முன்னால் மாட்டினாள். அந்தக் கடைக்காரர் மாட்டித் தர மறுத்துவிட்டாராம். வேறு கடைக்குப் போயிருக்கிறாள். புருஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். டிராக்ஷன் கண்ட்ரோல் சக்கரம் சும்மா சுற்றாமல்தான் பார்த்துக்கொள்ளும், தரையைப் பிடிப்பது டயர் மட்டும்தான், முன் சக்கரம் பிடித்துப் பின் சக்கரம் பிடிக்காவிட்டால் வண்டி சுற்றிக்கொள்ளும் என்று விளக்கியிருக்கிறார். "அப்பா ரெண்டுன்னு சொன்னாரு" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். அப்பா வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை எவனோ ஒரு கடைக்காரனுக்காகத் தள்ளிவிட அவளுக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு நான் போகும் ஞாயிறெல்லாம் அத்தான் கேட்பார். "அந்தப் பொண்ணு டயரு எப்பிடி ஓடுதாம்?" நான் நன்றாக ஓடுகிறதாம் என்பேன். "ரொம்பக் குளிரா? காத்து கொறையும், அடிக்கடி பாக்கச் சொல்லு" என்பார். கார்க் கண்ணாடியில் பனி படிகிறதா, கை விறைக்கிறதா, வேலைக்குப் போகிற வழி மேடா பள்ளமா என்று கேள்விகள் டயரிலிருந்து நகர்ந்து நகர்ந்து மகளுக்குப் போய்ச் சேரும். அவர் மகள் என்று சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பேருடைய நாடகத்தையும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் அவர் அவளிடம் நேராகப் பேசிவிடுவார் என்று நாங்கள் நம்பினோம்.

அப்போதுதான் அது நடந்தது. வேலைக்குப் போகும் வழியில் இறக்கத்தில் ஒரு வளைவு. அவள் பிரேக்கை அழுத்தியிருக்கிறாள். முன் சக்கரம் பிடித்தது, பின் பக்கம் பிடிக்கவில்லை. வண்டி அப்படியே திரும்பிக்கொண்டு போய் ஓரத்துப் பனிக் குவியலில் கதவு நசுங்க மோதி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். நான்கு டயரும் மாற்றியாயிற்று என்று போனில் சொன்னாள். அழுதுகொண்டே, "அப்பாகிட்ட சொல்லிராதீங்க சித்தி" என்றாள். நசுங்கிய கார் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தான் சொன்னது மகளைத் தடுமாற வைத்தது என்று தெரிந்தால் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வார், இந்த முறை மூடியது மூடியதுதான் என்று பயந்தாள். அக்காவும் அதையே சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அந்த ஞாயிறு அத்தான், "அந்தப் பொண்ணு டயரு எப்பிடி ஓடுதாம்?" என்று கேட்டபோது நன்றாக ஓடுகிறதாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். பொய் சொன்னால் அடுத்த ஆண்டும் அவர் இதையே யாருக்காவது சொல்வார். அதோடு, இத்தனை காலம் கேலி பேசி வளர்ந்த எனக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பழக்கமில்லை. "வண்டி வழுக்கிட்டு அத்தான். பின் டயரு புடிக்காம சுத்திக்கிட்டாம்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "எம் பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு?" என்றார். எம் பிள்ளை. அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. "நம்பரப் போடு" என்றார்.

அங்கே மணி அடித்தது, அவள் எடுத்தாள். அப்பா குரலைக் கேட்டு அழுதாள். "அடி கிடி பட்டுச்சா? உள்ள எங்கயும் நோவு இல்லையே? நீயே நர்ஸு, நல்லாப் பாத்துக்கிட்டியா?" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நாலு மாட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அவள் சொல்லியிருக்க வேண்டும். "அவர்ட்ட குடு" என்றார். அத்தான் அந்தப் பையனோடு பேசிய முதல் பேச்சு மராட்டியில்தான். டாக்ஸி ஸ்டாண்டு மராட்டி. "மாஜீ சூக் ஜாலீ, ஜாவயிபாபு" என்றார். என் தப்பு ஆகிவிட்டது மாப்பிள்ளை என்று அர்த்தம். தமிழில் அந்த மனிதர் வாயிலிருந்து என் தப்பு என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை, அக்காவிடம் கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத மாப்பிள்ளையிடம், வேற்று மொழியில் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் டயரைப் பற்றிச் சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பனிக்காலமும் தொடங்கும் முன் அத்தான் கனடாவுக்கு போன் போடுவார். மகளுக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு. மாட்டியாயிற்றா, எந்த டயர், பள்ளம் எவ்வளவு என்று விசாரிப்பார். "அப்பா எங்கிட்ட பேசுறதே இல்ல சித்தி, எல்லாம் அவர்கிட்டதான்" என்று அக்கா மகள் பொய்க் கோபத்தோடு புகார் சொல்வாள். அந்தப் புகாரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் அத்தான் போய்விட்டார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் வந்து, காரியம் முடிந்து, திரும்பிப் போனார்கள். இந்தப் பனிக்காலம் தொடங்கும்போது ஒரு காலையில் எனக்கு போன் வந்தது. அந்தப் பையன்தான். என்னை மாவ்ஷி என்பார், சித்தி என்பதற்கு அவர்கள் மொழியில் அப்படித்தான். இந்தியில், "டயர் மாட்டிவிட்டேன் மாவ்ஷி. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்றார். டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் யாராவது ஒருவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"நாலுமா?" என்று கேட்டேன்.

"நாலும்" என்றார்.