விளக்கு வைத்ததும் எழுதிய ‘நன்று’

தன் கையே தனக்கு உதவி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது. பழமொழி மேல் குற்றமில்லை. அதை ஒரு நோட்டின் அட்டையில் அழகாக அச்சடித்து, வருஷக்கணக்காக மனம் சோர்ந்து கிடந்த பெண்களின் கையில் கொடுத்தார்கள். அந்த நோட்டுக்குத் தமிழ் எழுதியவள் நான்.

புதுச்சேரியில் கொடி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து பிரெவே பரீட்சை பாஸ் செய்த என்னைப் போன்றவர்கள் அவசர அவசரமாக இங்கிலீஷ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டோம். எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மூன்று பாஷை தெரிந்தவள் என்று எந்தக் காகிதம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் தள்ளுவார்கள்.

அங்கே வியாழக்கிழமைதோறும் ஓர் அறையைத் திறப்பார்கள். மனச்சோர்வில் விழுந்து எழுந்திருக்க முடியாத பெண்கள் வருவார்கள். ஒரு நர்சம்மா ஒவ்வொருத்தியிடமும் கொஞ்ச நேரம் பேசி, மருந்து கொடுத்து அனுப்புவார். பெரிய வைத்தியம் என்று சொல்ல முடியாது. ஆனால் என் அக்கா வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தலை வாரிக்கொள்வாள். பிறந்த குழந்தை தக்காமல் போய், புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பி, ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் அவள். வியாழன் காலையில் மட்டும் தானே எழுந்து, பின்னல் போட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். “போலாமா?” என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக அம்மாவும் நானும் வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து மனோதத்துவம் படித்த ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். நாள்பட்ட மனச்சோர்வை நோயாளிகள் தாங்களே சமாளித்துக்கொள்ள முடியும் என்பது அவருடைய ஆராய்ச்சி. நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம். கொஞ்சம் நடக்க வேண்டும், ஒரு சின்ன வேலையை முடிக்க வேண்டும், அன்றைக்கு மனம் எப்படி இருந்தது என்று நன்று, சுமார், மோசம் என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். ஆறு மாதத்தில் இது பலித்துவிட்டால் வியாழக்கிழமை அறையை மூடிவிடலாம், நர்சம்மாவைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிடலாம். இதை அவர் என் எதிரிலேயே சொன்னார்.

டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் மூலத்தில் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றிருந்தது. பாதிப் பேர் வீட்டில் கடிகாரம் ஏது? நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ‘விளக்கு வைத்ததும் எழுதவும்’ என்று போட்டேன். டாக்டர் பாராட்டினார். இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு மாதம் கழித்து நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வந்தன. எதைப் பிரித்தாலும் நன்று, நன்று, நன்று. சுமார் என்பதுகூட அபூர்வம். டாக்டர் ஒரே வாரத்தில் அறிக்கையை முடித்து என்னிடம் நீட்டினார். “நோட்டும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுதான்னு பார்த்து, டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடும்மா” என்றார்.

படிக்கப் படிக்க அருவருப்பாக இருந்தது. எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டவர்களை ‘இனி உதவி தேவைப்படாதவர்கள்’ என்று குணமானவர்களோடு சேர்த்திருந்தார். ஒரு நோட்டில் நாலு பக்கம்தான் எழுதியிருந்தது, மிச்சத்தை அடுப்புப் பற்றவைக்கக் கிழித்திருந்தார்கள். அவளும் குணம். அந்த ஆறு மாதமும் வியாழக்கிழமை அறை திறந்துதான் இருந்தது, மருந்தும் பேச்சும் நடந்துதான் வந்தன. தேறியவள் எதனால் தேறினாள் என்ற கேள்வியே அறிக்கையில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அதை டைப் அடிக்கவும் நான்தான் வேண்டியிருந்தது.

ஒரு நோட்டு மட்டும் கண்ணை உறுத்தியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுடையது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உழவர்கரைக்கு நடந்து போய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் மூலையில் சுருண்டிருந்தாள். பக்கத்தில் தொடாத சோற்றில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மாமியார்தான் பேசினாள்.

“எம் புள்ளதாம்மா எழுதுவான். படிச்ச புள்ள.”

“இவங்க இப்ப நல்லா இருக்காங்களா?”

“எங்க நல்லா இருக்கா? பாக்குறீங்கல்ல.”

“அப்புறம் ஏன் தெனம் நன்றுன்னு எழுதியிருக்கு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “விளக்கு வச்ச நேரத்துல மோசம்னு எழுதுவாங்களா? நீங்க எந்த ஊரும்மா?”

எனக்குத் தெரியாதா என்ன? விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டிலும் யாரும் அபசகுனமாக ஒரு சொல் சொல்ல மாட்டோம். அரிசி தீர்ந்துபோனால்கூட நிறைந்திருக்கிறது என்போம். அந்த நேரத்தைத் தேடிப் பிடித்து நோட்டில் போட்டவள் நான். வழியெல்லாம் என் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் இருப்பது அவர்கள் மனம் இல்லை, விளக்குக்குக் கொடுத்த மரியாதை என்றேன். அறையை மூடவேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது உங்க அக்கா நோட்டு. கையெழுத்து யாருதும்மா?”

இவ்வளவு நேரம் இதை உங்களிடமும் மறைத்தேன். என்னுடையதுதான். தினமும் சாயங்காலம் அக்காவிடம் போய், “இன்னிக்கி எப்டிக்கா இருந்துச்சு?” என்று கேட்பேன். அவள் சுவரைப் பார்த்தபடியே இருப்பாள். மாடத்தில் அப்போதுதான் அம்மா ஏற்றிய விளக்கு எரியும். மோசம் என்று எழுதக் கை வராது. மூன்று பாஷை படித்த கை, நூற்றெண்பது நாள் நன்று என்று எழுதியது.

“இதையும் ரிப்போர்ட்ல சேர்த்துடலாமா? ஆஸ்பத்திரி ஆளே பொய்யா எழுதினாங்கன்னு?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார். வேலை போனால் வீட்டில் மூன்று பேருக்கும் சோறில்லை. அவரே தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பும் அருவருப்பு, அதை வாங்கிக் கையெழுத்துப் போட்ட நான் அதைவிட அருவருப்பு. வேறு நல்ல வார்த்தை தேடி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அக்கா வழக்கம்போல எழுந்தாள். பின்னல் போட்டுக்கொண்டாள். பையோடு வந்து நின்று, “போலாமா?” என்றாள்.

“இனிமே போவ வேணாம்க்கா. ரூமை மூடிட்டாங்க. நீ நல்லா ஆயிட்டேன்னு டாக்டர் எழுதிட்டாரு.”

“யாரு சொன்னா?”

“நோட்டுல இருந்துச்சு.”

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை.

“நான் அதுல ஒண்ணுமே எழுதலியே” என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள்.