படத்தில் ஒரு கலர், பார்சலில் ஒரு கலர்

தம்பியின் கல்யாணத்தில் கேட்ட ஒரு சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேமராவில் கடைசிப் படமும் எடுத்து முடிந்ததும், உள்ளே பிலிம் தானாகத் திரும்பிச் சுற்றிக்கொள்ளும். கிர்ர்ர் என்று தொடங்கி, மெல்லத் தேய்ந்து, 'டக்' என்று நிற்கும். அந்த 'டக்'குக்குப் பிறகு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. முகத்தைத் தளர்த்திக்கொண்டு சாப்பிடப் போகலாம். இப்போதைய கேமராக்களுக்கு அந்தச் சத்தம் கிடையாது. போதும் என்று சொல்லத் தெரியாத ஒரு பொருளை விற்பதுதான் எங்கள் தொழில்.

தமிழ் இலக்கியம் படித்தேன். ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது அம்பத்தூரில் தம்பி சேகர் நடத்தும் கேமரா கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கேமரா விற்பான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இணையத்தில் போடுவதற்காக ஜனங்கள் கொண்டுவரும் படங்களை வெட்டி, நிமிர்த்தி, சுருக்கிக் கொடுப்பேன். கேமரா வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்களும், ஒரே பூவை நாற்பது தடவை எடுத்துவிட்டு எதை அழிப்பதென்று தெரியாமல் விழிப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாமெல்லாம் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

ஆராய்ச்சி

மேனாம்பேடு பக்கம் புது அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு மென்பொருள் இளைஞர் வந்தார். மதுரைக்காரர். மூன்று மாதமாக வீடியோ பார்த்துத் தேறியிருந்தார். சென்சார், லென்ஸ், மெகாபிக்சல் என்று அவர் கேட்ட கேள்விகளுக்குச் சேகருக்கே வியர்த்துவிட்டது. ஒவ்வொரு கேமராவாக எடுத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. பசி பொறுக்காமல் நான்தான் கேட்டேன். "தம்பி, நீங்க எதைப் படம் எடுக்கப் போறீங்க? அதைச் சொன்னா சுலபமா இருக்கும்."

அவர் கையிலிருந்த கேமராவைக் கண்ணாடி மேசைமேல் பத்திரமாக வைத்தார். "அதை இன்னும் முடிவு பண்ணல மேடம்."

ஷமீமா

பூந்தமல்லியிலிருந்து ஷமீமா முதன்முதலாக வந்த நாளில் நல்ல மழை. புர்காவுக்குள் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆரி வேலை செய்த ரவிக்கைத் துணிகள். ஜரிகையும் மணியும் வைத்து அவளே கையால் போட்ட வேலை. கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை போன பிறகு, ஓர் இணைய விற்பனைத் தளத்தில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்து விற்கிறாள். வீட்டு அடுப்பு அந்தப் பக்கத்தை நம்பித்தான் எரிகிறது.

சிக்கல் இதுதான்: 'படத்தில் ஒரு கலர், பார்சலில் ஒரு கலர்' என்று இரண்டு துணிகள் திரும்பி வந்துவிட்டன. அரக்குக் கலர் துணி படத்தில் கத்திரிப்பூக் கலராகத் தெரிந்திருக்கிறது. போனில் எடுப்பதால்தான் இப்படி, நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேகர் ஆசையாக ஒரு கேமராவை எடுத்து வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இன்னொரு துணி திரும்பி வந்துச்சுன்னா பக்கத்தையே மூடிடுவாங்களாம்மா. இது கலரை இருக்கறபடி காட்டுமா, அத்த மட்டும் சொல்லுங்க."

நீலத் தார்ப்பாய்

நான் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. துணியை எங்கே வைத்துப் படம் எடுக்கிறாய் என்று கேட்டேன். மொட்டை மாடியில், ஒழுகிய தகரத்தைக் கழற்றிவிட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். வெயிலும் படாது, வெளிச்சமும் இருக்கும் என்று அதன் கீழே பாய் விரித்து எடுக்கிறாளாம். தார்ப்பாய் வழியாக இறங்கும் வெளிச்சமே நீலம். அதில் அரக்கு என்ன ஆகும்? கத்திரிப்பூதான் ஆகும். கண் பழகிவிடும், கேமரா பழகாது.

தார்ப்பாயை விட்டு வெளியே வா, சுவர் நிழலில் துணியை வை, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து முதலில் ஒரு படம் எடு, தாள் படத்திலும் வெள்ளையாக இருந்தால் துணியும் துணியாக இருக்கும், இதற்கு உன் போனே போதும் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. மழையோடு இறங்கிப் போனாள். எடுத்த கேமராவைத் திரும்ப அலமாரிக்குள் வைத்துக்கொண்டே சேகர் சொன்னான்:

"அக்கா, நீ என் கடையில உக்காந்திருக்கியா, எதிர்க்கடையில உக்காந்திருக்கியா?"

கொஞ்சம் வெளுப்பு

வரன் பார்க்கும் தளத்தில் போட ஒரு தாய் மகளின் படத்தைக் கொண்டுவந்தாள். மகளும் கூடவே வந்திருந்தாள். மாநிறம், துறுதுறு கண், பார்த்தாலே பேசத் தோன்றும் முகம். "கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்றாள் தாய். வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் ஏத்தித்தானே போடுறாங்க, நாங்க மட்டும் ஏமாளியா என்றாள். கொஞ்சம் ஏற்றினேன். போதாது என்றாள். இன்னும் கொஞ்சம். மூக்குத்தி மறைந்தது. மூக்கும் மறையப் பார்த்தது.

அதுவரை வாசலில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். "இன்னும் ரெண்டு தடவ அமுக்கச் சொல்லும்மா, நான் காணாமலே போயிடறேன்."

பெரிய படம்

ஒரு சாவு வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தெருமுனையில் கட்டக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் வேண்டும். இறந்தவர் சிரிக்கும் படம் ஒன்றுதான் இருந்தது. குடும்ப குரூப்பில் ஆளுக்கு ஆள் அனுப்பி, இளைத்து இளைத்து, தபால் தலை அளவுக்கு வந்திருந்தது. முதலில் எடுத்த போனில் இடம் போதவில்லை என்று மூலப்படத்தை அழித்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அழித்திருப்பீர்கள். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஆளுயரம் வேண்டும் என்று மச்சினர் பிடிவாதம் பிடித்தார். மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் உடைந்து நின்ற சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவரு எதுக்கும் பெருசா ஆசப்பட்டதில்லங்க. சின்னதாவே போட்டுடுங்க."

மெய்க் கலர்

ஒரு மாதம் கழித்து ஷமீமா வந்தாள். வெளிச்சம் சரியாகிவிட்டது, கலரும் சரியாகிவிட்டது. ஆனால் ஆர்டர் குறைந்துவிட்டது. அந்தத் தளத்தில் மற்றவர்களின் துணியெல்லாம் தீபாவளி மத்தாப்புபோல் மின்னுகிறது. அதன் நடுவே இவளுடைய அரக்கு, அரக்காக மட்டும் இருக்கிறது. "கொஞ்சம் பளிச்னு பண்ணித் தாங்கம்மா" என்றாள். பண்ணினால் மூன்றாவது துணியும் திரும்பி வருமே என்றேன்.

மேசைமேல் இருந்த துணியை அவள் தடவிக்கொண்டே இருந்தாள். யார் கல்யாணத்துக்கோ இட்ட மருதாணி நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குத் தோன்றியது. துணியோடு கையையும் சேர்த்து எடுத்துப் போடச் சொன்னேன். மனிதத் தோலின் நிறம் எல்லாருக்கும் தெரியும். கை கையாகத் தெரிந்தால் துணியையும் நம்புவார்கள். முகத்தைப் போட வீட்டில் ஒப்பமாட்டார்கள், ஆனால் கைக்கு யார் தடை சொல்லப்போகிறார்கள்? சரி என்று தலையசைத்தாள். ஆனாலும் படியிறங்கும்போது மனசு ஆறாமல் திரும்பி நின்றாள்.

"உண்மையப் போட்டா ஒருத்தரும் அமுக்க மாட்டேன்றாங்க, பொய்யப் போட்டா திருப்பி அனுப்பறாங்க. நான் இன்னாதாம்மா பண்றது?"

மூன்றாவது துணி

கை வைத்த படங்களுக்கு மெல்ல மெல்ல ஆர்டர் வந்தது. மயில் கழுத்துக் கலரில் ஒரு துணி. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாமல் இரண்டுக்கும் நடுவே நடமாடும் அந்த நிறம். அதை முத்தாபுதுப்பேட்டையில் ஓர் அம்மாள் வாங்கினார். 'பச்சை கேட்டேன், நீலம் வந்தது' என்று எழுதித் திருப்பி அனுப்ப மனு போட்டுவிட்டார். பார்சல் ஒட்டியவள் ஷமீமா, அதனால் விலாசம் தெரியும். என்னையும் இழுத்துக்கொண்டு ஆவடிக்குப் பஸ் ஏறினாள். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ.

அந்த அம்மாள் நல்லவர். மோர் கொடுத்தார். துணியைக் கொண்டுவந்து, போனில் படத்தையும் காட்டினார். படத்தில் பச்சைதான். ஷமீமாவின் கைகூட மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். படம் மட்டுமில்லை, போன் திரை முழுவதுமே மஞ்சள். கண்ணுக்கு இதம் என்று மகன் வைத்துக் கொடுத்திருக்கிறான், இரவும் பகலும் அப்படியே கிடக்கிறது. நான் அதை நிறுத்தினேன். படம் மயில் கழுத்தாக மாறியது, கையும் கையாக மாறியது. அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, ரிட்டன் அமுக்கிட்டேனேம்மா! அத்தத் திருப்பி அமுக்கினா வராதா?"

பிறகு

வரவில்லை. அவர் அமுக்கிப் பார்த்தார், ஷமீமா அமுக்கிப் பார்த்தாள், நான் கடையிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது. மறுவாரம் ஷமீமாவின் பக்கம் மூடப்பட்டது. அதிலிருந்த படங்கள் எங்கே போயின என்று நாங்கள் கேட்க, அந்தத் தளத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

சமாதானம் சொல்வதற்காக நான் போனில் கூப்பிட்டபோது ஷமீமா எங்கோ சத்தத்துக்கு நடுவே இருந்தாள். முத்தாபுதுப்பேட்டை அம்மாள் அந்த மயில் கழுத்தைத் தானே வைத்துக்கொண்டாராம். துணி பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களையும் ஷமீமாவையும் தன் வீட்டுக்கு வரவழைத்தாராம். ஒருத்தி எங்கள் பேச்சுக்கு நடுவே புகுந்து, "இத்த வெளிச்சத்துக்குக் கொண்டா, பாக்கலாம்" என்று அதட்டியது எனக்குக் கேட்டது. "இருங்கம்மா, அப்பாலிக்கா பேசறேன்" என்று ஷமீமா வைத்துவிட்டாள்.

இத்தனை கேமராக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் கண்டது இவ்வளவுதான்: ஷமீமா இப்போது வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அந்த அம்மாள் வீட்டு வாசலில் துணிகளை வெயிலில் விரித்து விற்கிறாள், படம் எடுப்பதில்லை.