தங்காக்கிலிருந்து வந்த சிவப்பு மை

அப்போது நான் செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. துரைக்காகத் தினமும் ஆங்கிலத்தில் நாலு கடிதமாவது எழுதுவேன். அந்தத் திமிரே தனி! ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து குந்துகிற ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றும் என் உயிரை வாங்கின. தமிழில் இல்லாத தொல்லை. ஆகவே நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: பயப்பட வேண்டிய எல்லாருக்கும் ‘தி’. துரைக்கு ‘தி’, டாக்டருக்கு ‘தி’, துரை வீட்டு நாய்க்கும் ‘தி’. மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு ஒன்றும் கிடையாது. துரை ஒருநாளும் திருத்தியதில்லை என்பதால் சரியென்றே இருந்தேன்.

அந்த வருஷம் எனக்குத் தங்காக்கில் பெண் பேசினார்கள். துணிக்கடைக்காரர் மகள், மலாக்காவில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான்! அவள் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் மாப்பிள்ளையின் படிப்பைப் பார்க்க வேண்டுமென்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டார். எழுதினேன். மனிதர் அதை மகளிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லி, பழுதான துணியைத் திருப்புவதுபோல எனக்கே அனுப்பிவிட்டார். ‘சரி செய்து மறுபடி எழுதவும்’ என்று அடியில் தமிழில் ஒரு வரி வேறு.

தாளைப் பிரித்தால் பத்து இடத்தில் சிவப்பு மை. முதலில் மானம் போனது. பிறகுதான் உறைத்தது, அடடா, இது அவள் கையெழுத்து! ஒவ்வொரு ‘தி’யையும் அவள் குனிந்து எழுதியிருப்பாளே! எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே பாடிக்கொண்டே நடந்தேன். “கிராணியாருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு லா!” என்று பால் வெட்டுகிற பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த கடிதத்தில் வேண்டுமென்றே ஏழெட்டு ‘தி’யை விட்டேன். எல்லாம் சிவப்பில் திரும்பி வந்தன. அதற்கடுத்ததில் ஒன்றுகூடப் போடவில்லை! அது திரும்பி வந்தபோது, அவள் ஓரத்தில் பொடி எழுத்தில், ‘போன தடவை இதெல்லாம் சரியாகத்தானே எழுதினீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள். கள்ளி, கண்டுபிடித்துவிட்டாள்! நாலாவதை எட்டுப் பக்கத்துக்கு எழுதினேன்.

அதற்குப் பதிலாக அவள் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘சம்பந்தம் சரிப்படாது.’ ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துத் தங்காக் போனேன்.

அவர் கடைப் பலகைமேல் என் எட்டுப் பக்கத்தையும் விரித்தார். “பாருங்க தம்பி, தாளுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. மொதல்ல பத்து தப்பு. இப்ப எண்ண முடியல. எழுத எழுத மோசமாப் போற ஆளுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கறது?”

உங்கள் மகளின் கையெழுத்துக்காகத்தான் தப்பாக எழுதினேன் என்று நான் சொன்னால், அங்கேயே முழக்கோலால் விழும். சொல்லாவிட்டால் அவள் எனக்கில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. “அப்பா, அதெல்லாம் தப்பு இல்லப்பா.”

“பின்ன என்ன?”

“எனக்குப் புடிச்ச எடத்துலதான் செவப்பு மை வச்சேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எட்டாவது பக்கம்வரை புரட்டினார். பிறகு திரையைப் பார்த்தார்.

“இத்தன எடத்துலயா?”

“அதுக்குள்ள மை தீந்துபோச்சுப்பா,” என்றாள்.