மவுஸுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் மொபெட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. பொட்டு வைப்பது என் பொறுப்பு. எட்டு வயதில் எனக்குக் கிடைத்திருந்த ஒரே அதிகாரம் அது என்பதால் கொஞ்சம் அலட்டிக்கொண்டே செய்வேன்.

அந்த வருடம் சித்தியின் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பேராவூரணியில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகையும் மனுவும் அவள் டைப் அடித்தவைதான். மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு மவுஸிடம் வந்தபோது யோசித்தேன். மொபெட்டுக்குச் சக்கரத்தில்தானே வைக்கிறோம்? அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது உருண்டால்தான் திரையில் அம்பு நகரும். ஆக, அதுதான் சக்கரம். மூடியைத் திருகி உருண்டையை எடுத்து, சந்தனத்தைத் தாராளமாகவே பூசி உள்ளே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த மாப்பிள்ளை காலை பத்து மணிக்கு கம்ப்யூட்டரில் சித்தியின் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. அவருக்குக் கிடைத்திருந்தது அரை மணி நேரம்தான். பேசி முடித்தால் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு டைப்பிங்கெல்லாம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். அம்மா சரியென்று தலையாட்டியிருந்தாள். சித்தி என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அவளை யாரும் கேட்டதாகவும் நினைவில்லை.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்த சித்தி மவுஸைத் தொட்டால், அம்பு அசையவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். பிறகு மவுஸைக் கவிழ்த்து மூடியைத் திறந்தாள். உருண்டை மஞ்சளாக வந்து விழுந்தது. உள்ளேயிருந்த குட்டி உருளைகளிலும் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உருண்டையை ஈரத்துணியால் துடைத்தாள். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி உருளைகளைச் சுரண்டினாள், ஊதினாள், எல்லாவற்றையும் மாட்டினாள். அம்பு ஜோராக ஓடியது. எனக்கு உயிர் வந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா வரும் சத்தம் கேட்டது. சித்தி சட்டென்று மூடியைத் திருகி, உருண்டையைக் கைக்குள் எடுத்துக்கொண்டு, மூடியை மட்டும் திரும்பப் போட்டாள்.

"ஆச்சாடி? மணி பத்து தாண்டிடுச்சு."

"இல்லக்கா. உள்ள என்னமோ போயிருச்சு. கடையில குடுத்துத்தான் பாக்கணும்."

அம்மா தானே மவுஸைப் பிடித்து மேசைமேல் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். அன்றுதான் அவள் அதை முதல் தடவையாகத் தொட்டாள். அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சித்தி கையைத் திறக்கவே இல்லை. பத்தரை மணியும் ஆயிற்று.

விஜயதசமியும் அதுவுமாக மெஷின் நின்றுபோனது சகுனம் சரியில்லை என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரமே வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அம்மா அழுதாள். என்னால்தான் சித்தியின் கல்யாணம் நின்றது என்று நானும் அழுதேன். சித்தி அழவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாள் என்று முழுசாக நம்பினேன். அந்த நன்றிக்காக, அவள் பிரிண்ட் எடுத்த தாள்களையெல்லாம் ஒரு மாதம் கேட்காமலே அடுக்கி வைத்தேன்.