கை கொடுக்காத ஞாயிறு

எங்கள் இரட்டையர் மல்யுத்த அணிக்குப் பெயர் வைக்கும்போதே சிக்கல் தொடங்கிவிட்டது. முதலாளி 'புலிகள்' என்று போடலாம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அப்படியானால் 'சிங்கங்கள்' என்றார். அதற்கு இன்னும் பலமாகத் தலையாட்டி மறுத்தோம். அந்த இரண்டு மிருகங்களிலும் என்ன குறை என்று அந்த சுவிஸ்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இப்படித்தான் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த இலங்கைத் தமிழர்களான நாங்கள் இரண்டு பேரும் தொண்ணூறுகளில் கரடிகளாக மல்யுத்த மேடை ஏறினோம்.

முதலாளி என்று நாங்கள் கூப்பிட்டவர் எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். வார இறுதிகளில் திருவிழாக் கூடாரங்களிலும் ஊர் மண்டபங்களிலும் மல்யுத்தக் காட்சி நடத்துவார். யார் வெல்வது என்பது முன்பே பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது உண்மை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதற்கும் பயப்படுகிறவன், முதுகில் ஒரு சுளுக்கு வந்தாலும் இனி வேலை போகும், நாட்டில் இருக்கும் பெர்மிட் போகும் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். அப்படிப்பட்ட எனக்கு விழுவது மட்டும் நன்றாக வந்தது. நாடியை நெஞ்சோடு ஒட்டி, பிடரி படாமல், முதுகு முழுவதாலும் விழ வேண்டும். பத்து நாளில் பிடித்துக்கொண்டேன். என் நண்பனுக்கு அது கடைசிவரை வரவில்லை. அதனால் அடி வாங்குவது என் வேலையென்றும், அடிப்பது அவன் வேலையென்றும் ஆயிற்று.

இரட்டையர் மல்யுத்தத்தில் ஒருவன் மேடையில் நிற்பான், மற்றவன் மூலையில் கயிற்றுக்கு வெளியே நிற்பான். உள்ளே இருப்பவன் கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவன் வரலாம். நான் பத்து நிமிடம் உதைபட்டு, மூலைக்குத் தவழ்ந்து போய் அவன் கையைத் தொடுவேன். அவன் கயிற்றைத் தாண்டிக் குதித்து இரண்டு எதிராளிகளையும் துவைத்து எடுப்பான். கூடாரம் முழுவதும் எழும்பி நின்று கத்தும். அந்தக் கத்தலை நான் எப்போதும் முகம் குப்புறக் கிடந்தபடிதான் கேட்டிருக்கிறேன்.

அவன் உயரமானவன், சிரித்த முகம். பிள்ளைகள் அவனிடம்தான் கையெழுத்து வாங்கின. தமிழ்க் கடைக்குப் போனால், "மற்ற அண்ணை வரேல்லையோ?" என்று என்னைக் கேட்பார்கள். என் மனைவிகூட அவன் உள்ளே வரும்போதுதான் கை தட்டினாள். கேட்டதற்கு, "நீங்கள் அடி வாங்கேக்கை நான் என்னெண்டு கை தட்டுறது?" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் வயிறு எரிந்தது.

ஓர்லிகோன் மண்டபத்தில் பனி விழும் மாரிகாலத்துக்குப் பெரிய நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடாகியது. முதலாளி அவனை மட்டும் தோளில் தட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்னைக் கழற்றிவிட்டு அவனோடு வேறு ஆளைச் சேர்க்கப் போகிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நானும் அடிக்கக்கூடியவன் என்று காட்ட வேண்டும்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிரணியில் ஓர் இறைச்சிக்கடைக்காரர். பத்து நிமிடம் என்னைப் புரட்டி எடுத்துவிட்டு, இனிப் போய்க் கையைக் கொடு என்று காதுக்குள் சொன்னார். தவழ்ந்து போனேன். நண்பன் கயிற்றில் தொங்கியபடி கையை நீட்டினான். நாலு விரல் இடைவெளி இருந்தது. நான் அவன் கையைப் பார்த்தேன். பிறகு திரும்பி மேடையின் நடுவுக்கே போனேன்.

"டேய், எங்கை போறாய்? கையைத் தாடா!"

நான் இறைச்சிக்கடைக்காரரை அடித்தேன். சொல்லி வைக்காத அடி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைத் தூக்கி, இந்த முறை கவனமில்லாமல் போட்டார். மூச்சு நின்றது. இரண்டாம் தடவை தவழ்ந்தபோது உண்மையாகவே தவழ்ந்தேன். கை பட்டது.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சனங்கள் இருந்த வாங்குகள் ஆடின. அவனிடமிருந்து பறிக்கப் போனேன்; அவனுடைய வாழ்நாளிலேயே பெரிய கைதட்டலை என் கையாலேயே வாங்கிக் கொடுத்தேன்.

உடை மாற்றும் இடத்தில் அவன் என் முன்னால் குந்தியிருந்து மூன்று விரலைக் காட்டினான்.

"மச்சான், இது எத்தினை? கிட்ட வந்திட்டுத் திரும்பிப் போறாய். தலையிலை அடி பட்டதோ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓம், கொஞ்சம் சுத்துது" என்றேன்.

அவன் நேரே முதலாளியிடம் போனான். தலை விஷயம் விளையாட்டில்லை, ஓய்வு எடுக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஓர்லிகோனில் எனக்குப் பதிலாக ஒரு தபால்காரர் கரடியாவதென்று முடிவாயிற்று. நான் பயந்தது அப்படியே நடந்தது, அதுவும் என் வாயாலேயே. உண்மையைச் சொன்னால் நண்பன் போவான், சொல்லாவிட்டால் இடம் போகும். அவனோ அட்லிஸ்வில் முருகன் கோயிலிலிருந்து எனக்கு விபூதி கொண்டுவந்து நெற்றியில் பூசிவிட்டான்.

ஓர்லிகோனில் நான் நாலாவது வரிசையில் இருந்தேன். தபால்காரருக்கு விழத் தெரியவில்லை. கையை ஊன்றி விழுந்தார். ஆனாலும் தவழ்ந்தார். என் நண்பன் கயிற்றில் தொங்கிக்கொண்டு, அவருக்கு ஏதோ நடந்துவிடும் என்பதுபோலப் பதறிய முகத்தோடு கையை நீட்டினான். அதுவரை அந்த முகம் எனக்கென்று மட்டும் இருந்தது. கைதட்டல் யாருக்கு என்பது மறந்துபோயிற்று. அடி வாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்துத்தான் என் வயிறு எரிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவனிடம் போனேன்.

"எனக்குத் தலையிலை ஒண்டும் நடக்கேல்லை. உனக்குக் கை தர மனமில்லாமல்தான் தரேல்லை."

அவன் காலில் மாட்டிய சப்பாத்தின் கயிற்றைக் கட்டி முடித்தான். மற்றச் சப்பாத்தையும் கட்டினான்.

"ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிஞ்சு ரெண்டு மூண்டு ரயில் மாறிப் போய் உன்ரை தலைக்கு அர்ச்சனை செய்தனான், விசரா! என்னைக் கேட்டிருந்தால் நானே அடி வாங்கியிருப்பன்."

"உனக்கு விழத் தெரியாது."

"ஓம், தெரியாதுதான்." அவன் சிரிக்கவில்லை. "முதலாளியிட்டை நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டன்."

தெரிந்த அரைகுறை ஜெர்மனில் முதலாளியிடம் சொன்னேன். என் பொறாமையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வசந்தத்தில் திரும்பி வா, ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படியே கையைத் தொடாமல் ஒரு தடவை திரும்பிப் போக வேண்டும் என்றார். சனங்களுக்கு அது பிடித்திருக்கிறதாம்.

அதன் பிறகு மூன்று வருடம் அப்படியே செய்தேன். கிட்டப் போவேன், திரும்புவேன், விழுவேன், பிறகு கையைக் கொடுப்பேன். சத்தம் எழும்பும், அவனுக்கு. என் வயிறு எரிவதும் நிற்கவில்லை. நான் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவன் கயிற்றில் தொங்கியபடி தமிழில் என்னைத் திட்டுவான், எழுத முடியாத சொற்களால். அதையும் நடிப்பென்றுதான் மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.