மூன்று மாதம் சொல்லாமல்

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தைத்த துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் கெமிக்கல் ஸ்பிரே அடித்துப் போக்குவது என் வேலை. ஜன்னல் இல்லாத மூலை. அந்த வாடை வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் வரும்.

நாள் தள்ளிப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியும் முன் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வழக்கம்.

அன்று வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் பிசிறு வெட்டும் தென்காசிக்கார அக்கா என்னையே பார்த்தார்.

"முழுகாம இருக்கியா?"

"இல்லீங்க்கா."

அவர் ஸ்பிரேயைப் பிடுங்கினார். "நானும் இப்படித்தான் மறைச்சேன். எம் மவன் முதுகெலும்பு மூடாம பொறந்தான். இந்த மருந்தாலயா, சத்துக் குறைச்சலான்னு டாக்டருக்கே தெரியல. ஆனா அது மொத மாசத்துலயே மூடணுமாம். நான் வெளிய சொல்லும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு."

மாலையே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையின் முதுகெலும்பு மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நர்ஸ் கொடுத்தார். "கரு உண்டாகறதுக்கு முன்னாடியே இதை ஆரம்பிச்சிருக்கணுங்க" என்றார். குறை தெரியும் ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊர்க்கண் படாமல் கருவைக் காத்த நான், அந்த வாடையிலிருந்து காக்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாறினேன். என் மூலையில் புதிதாக ஒரு பெண் நின்றாள். தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. அருகில் போய்க் கேட்டேன்.

"கண்ணு, நாள் தள்ளிப் போயிருக்குதா?"

அவள் நிமிராமலே ஸ்பிரேயை அழுத்தினாள்.

"இல்லீங்க்கா."

முந்தின நாள் நானும் இதே குரலில்தான் சொன்னேன்.