அடிப்பக்கத்து மழை

பட்டறையில் அவளுக்குப் பெயர் கொக்கி. சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியில் கொக்கி ஊசி போடுவதில் பதினைந்து வருடப் பழக்கம். துணியின் பின்பக்கம்தான் அவளைப் பார்த்திருக்கும். நூலில் முன்பே கோத்த மணிகள் அடிப்பக்கம், தரையைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டே போகும். எத்தனையோ உடைகளை மினுங்க வைத்தவள், ஒரு மணி துணியில் உட்காருவதை ஒருநாளும் கண்டதில்லை. கீழே எங்கோ மழை தூறுகிறது என்று நினைத்துக்கொள்வாள். கை பாட்டுக்கு ஓடும்.

எதிர்ச் சட்டத்தில் அவள் நாத்தனார், சாதாரண ஊசிக்காரி. ஒவ்வொரு மணியையும் தனியாகத் தைத்து, தனியாக முடிச்சுப் போடுவாள்.

"உங்க கை ரயிலு, அண்ணி. என்னோடது ஆமை."

"ஆமைக்கு வாய் மட்டும் எக்ஸ்பிரஸ்."

ஒரு பாடகியின் மேடை உடை வந்தது. சாம்பல் நிறப் பட்டில், தோளிலிருந்து பாதம்வரை கண்ணாடி மணி மழை. இருவரும் ஆளுக்கொரு மாதிரித் துண்டு தைத்துக் காட்ட வேண்டும். பாடகி யாருடையதைத் தேர்ந்தெடுக்கிறாளோ அவளுக்கே உடை வேலை, மற்றவள் எடுபிடி. கொக்கிக்கு இரண்டு நாளாகக் கண்ணை மூடினால் சாம்பல் பட்டுதான்.

பாடகி இரண்டையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். கொக்கியின் மணிகள் ஒரே ஓட்டமாக, ஓடைபோல மின்னின.

"இதுதான்!" என்று தடவியபோது அவள் மோதிரம் ஒரு மணியில் மாட்டி விடுபட்டது. கொக்கி மட்டும் கவனித்தாள்.

"மேடையிலயும் இந்த மோதிரம் போடுவீங்களா?"

"கழட்டினதே இல்ல. ஏன்?"

'சும்மா இருங்க' என்று நாத்தனார் கண்ணைக் காட்டினாள்.

கொக்கித் தையல் சங்கிலி. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கொக்கி தன் மாதிரித் துண்டைத் திருப்பி, ஒரு நூலைக் கத்தரித்து நுனியை இழுத்தாள். மணிகள் கழன்று தரையில் விழுந்தன. தூறல் சத்தம்.

"பாதிப் பாட்டுல இப்படிக் கொட்டிடும். ஊசி வேலையவே எடுத்துக்கோங்க."

மறுநாள் காலை அவள் நாத்தனாரின் சட்டத்தருகே முக்காலி போட்டாள்.

"பாத்து அண்ணி, இந்த லைன்ல எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும்."

கொக்கி முதல் மணியைத் தைத்தாள். துணியின் முகம் அவளைப் பார்த்தது. மணிக்குள் ஜன்னல், ஜன்னலுக்குள் பொடி அளவு வானம். அடுத்த மணியை எடுக்க மறந்தாள்.

"என்ன, வண்டி நின்னுபோச்சா?"

"இருடி. இப்பத்தான் ஊரே கண்ணுக்குத் தெரியுது."